பழைய புல்லட்: ரீபோர் செய்யும் முன் பார்க்க வேண்டிய சிறு பாகங்கள்

கேள்வி: கோத்தகிரியில் வசிக்கிறேன். என் தந்தை ஓட்டிய, 1970களில் வாங்கிய புல்லட் 350 பல ஆண்டுகள் கொட்டகையிலேயே நின்றுவிட்டது. இப்போது ஸ்டார்ட் செய்தால் நீலப்புகை தள்ளுகிறது. சற்றுத் தூரம் ஓடிச் சூடேறியதும் நின்றுவிடுகிறது, ஆறிய பிறகே மீண்டும் கிளம்புகிறது. ரீபோர் செய்து (சிலிண்டரின் உட்சுவரைக் கடைந்து பெரிதாக்கி) புது பிஸ்டன் போட வேண்டும் என்கிறார் மெக்கானிக். எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது?

பதில்: புகையைக் கண்டதும் பிஸ்டன் மீது பழி போடுவது இந்த எஞ்சினைப் பொறுத்தவரை அவசர முடிவு. அக்காலப் புல்லட்டில் ஆயில் டேங்க் கிராங்க் கேஸின் (எஞ்சினின் அடிப்பகுதிக் கூட்டின்) வார்ப்பிலேயே தனி அறையாக அமைந்திருப்பதால், வண்டி நீண்ட நாள் நின்றால் அந்த ஆயில் பம்பு வழியே மெல்லக் கசிந்து கிராங்க் அறைக்குள் இறங்கிவிடும்; பிறகு ஸ்டார்ட் செய்ததும் மேலேறி எரிந்து புகையாக வரும். ஆகவே பழைய ஆயிலைக் கிராங்க் அறையிலிருந்தும் டேங்கிலிருந்தும் முழுதாக வடித்துவிட்டு, புதிய 20டபிள்யூ50 ஆயில் ஊற்றி, எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டிப் பாருங்கள். அதன் பிறகும் நீலப்புகை நிற்காமல், பிளக்கும் ஆயிலில் நனைந்திருந்தால் மட்டுமே சிலிண்டரைக் கழற்றுங்கள். கழற்றினாலும் கண்ணால் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக் கூடாது. 70 மி.மீ. போரை (சிலிண்டர் துளையை) மேல், நடு, கீழ் என மூன்று இடங்களில் அளந்து, தேய்மானம் எவ்வளவு என்று தெரிந்த பிறகே லேத் பட்டறைக்கு அனுப்ப வேண்டும். பல வண்டிகளுக்கு ரிங் செட் மாற்றினாலே போதும்.

சூடேறியதும் நிற்பதற்கும் பிஸ்டனுக்கும் பெரும்பாலும் தொடர்பில்லை. அடுத்த முறை வண்டி நின்றவுடன் முதலில் பெட்ரோல் டேங்க் மூடியைத் திறந்து பாருங்கள். காற்று உள்ளே இழுபடும் சத்தம் கேட்டு, உடனே வண்டியும் கிளம்பினால், மூடியின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது என்று பொருள். செலவே இல்லாத வேலை. அது இல்லையென்றால் என் சந்தேகம், பாயிண்டில் தீப்பொறி பறக்காமல் காக்கும் சிறு மின்பாகமான கண்டென்சர் மீதுதான். சிபி பாயிண்டை (பிளக்கில் பொறி வர மின்சாரத்தை இணைத்துத் துண்டிக்கும் முனைகளை) திறந்து பாருங்கள்: ஒரு முனையில் சிறு குழியும் எதிர் முனையில் அதற்கு ஈடான மேடும் தெரிந்தால், கண்டென்சர் தன் வேலையைச் செய்யவில்லை. பாயிண்டையும் கண்டென்சரையும் சேர்த்தே மாற்றி, பாயிண்ட் முழுதாகத் திறந்திருக்கும் நிலையில் இடைவெளியை ஃபீலர் கேஜால் (இடைவெளி அளக்கும் மெல்லிய தகட்டால்) 0.35 முதல் 0.40 மி.மீ.க்குள் வையுங்கள். சாவியைப் போட்டு, டீகம்ப்ரஷரை (சிலிண்டர் அழுத்தத்தை வெளியேற்றும் லீவரை) அழுத்தியபடி கிக்கை மெதுவாக இறக்கும்போது அம்மீட்டர் முள் மைனஸ் பக்கம் சாய்ந்து, நடுவுக்குத் திரும்பி வர வேண்டும். முள் அசையாமல் நின்றால் பாயிண்டில் அழுக்கு இருக்கிறது, அல்லது வயரிங் விட்டிருக்கிறது. இத்தனைக்குப் பிறகும் சூட்டில் நின்றால் இக்னிஷன் காயிலைச் சோதிக்கலாம்.

உங்கள் கேள்வியில் இல்லாத ஒரு பாகத்தைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டைமிங் கவரின் உட்புறத்தில், கிராங்க் முனை வந்து பொருந்தும் இடத்தில், சட்டைப் பொத்தான் அளவில் ஒரு தக்கை சீல் இருக்கும். பிக் எண்டுக்கு (கனெக்டிங் ராடு கிராங்கோடு சேரும் முனைக்கு) போகும் ஆயில் அதன் நடுவே நுழைந்துதான் கிராங்குக்குள் செல்கிறது. அது காய்ந்து நொறுங்கியிருந்தால் ஆயில் வழியிலேயே சிந்திவிடும். பிக் எண்டில் உள்ள புஷ்ஷுக்கோ ஆயில்தான் உயிர். டைமிங் கவரை எதற்காகத் திறந்தாலும் இந்த சீலைப் புதிதாக, ஆயிலில் ஊறவைத்துப் போடுங்கள். மூடும் முன் ஃபில்டர் அறையிலும் ஆயில் ஊற்றி நிரப்ப மறக்க வேண்டாம். இல்லையென்றால் முதல் சில நிமிடங்கள் எஞ்சின் வறண்டே ஓடும். இந்தச் சில்லறைச் சாமானை அலட்சியப்படுத்தியதால் கிராங்கையே பிரிக்க நேர்ந்த வண்டிகள் ஏராளம்.

கார்புரேட்டரில் ஃப்ளோட் நீடில், கேஸ்கெட், பெட்ரோல் ஹோஸ் ஆகியவற்றை யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். இப்போது பெட்ரோல் பங்க்குகளில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் பழைய ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும். மலையின் ஈரக் காற்றில் நின்றால் தண்ணீரையும் இழுத்துக்கொள்ளும். ஜெட்டுகளை (பெட்ரோல் பாயும் நுண்துளைத் திருகுகளை) கம்பியால் குத்தாமல் காற்றழுத்தத்தால் ஊதிச் சுத்தம் செய்வதே முறை.

பிளக்கில் உலர்ந்த கரி படிந்தால் அதையும் நோய் என்று எண்ண வேண்டாம். ஏறத்தாழ 1,800 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். சமவெளிக்கு வைத்த ஜெட் அங்கே பெட்ரோலைக் கூடுதலாகவே கொடுக்கும். ஏர் ஃபில்டர் சுத்தமாக இருந்தும் கரி படிந்தால், கார்புரேட்டர் ஊசியைப் பிடித்திருக்கும் நீடில் கிளிப்பை ஒரு பள்ளம் மேலே ஏற்றுங்கள்; போதாவிட்டால் மெயின் ஜெட்டில் ஒரு அளவு குறையுங்கள். ஆனால் அந்த அமைப்போடு மேட்டுப்பாளையம் இறங்கிச் சமவெளியில் நெடுந்தூரம் விரட்டினால் எஞ்சின் கொதித்துப் பிஸ்டன் பிடித்துக்கொள்ளக்கூடும். எனவே கழற்றிய பழைய ஜெட்டை டூல் பாக்ஸிலேயே வைத்திருந்து, மலையிறங்கியதும் மாட்டிக்கொள்ளுங்கள்.