முன்பணமே இல்லாமல் 7 வருடக் கடனில் கார்: ஸ்விஃப்ட்டா, நியோஸா, டியாகோவா?

கேள்வி: வயது 26. கோவையில் ஐ.டி. வேலை. பிடித்தம் போக மாதம் 58,000 ரூபாய் கைக்கு வருகிறது. வாடகை, சாப்பாடு, கைச்செலவு 18,000, வீட்டுக்கு அனுப்புவது 10,000, கல்விக் கடன் தவணை 7,500, எஸ்.ஐ.பி. (மியூச்சுவல் ஃபண்டில் மாத முதலீடு) 4,000. சேமிப்பு 3 லட்சம் இருக்கிறது. முதல் கார் வாங்க நினைக்கிறேன். வாரத்தில் மூன்று நாள் அலுவலகம், மாதம் இரண்டு முறை உடுமலையில் அப்பா அம்மாவிடம் போய்வருவது என்று வருடத்துக்கு 9,000 கி.மீ. ஓடும். ஸ்விஃப்ட், கிராண்ட் ஐ10 நியோஸ், டியாகோ மூன்றில் எதை எடுக்கலாம்? சி.என்.ஜி. எடுத்தால் மிச்சமாகுமா? ஷோரூமில் 6.5 லட்ச ரூபாய் வகையைக் காட்டி, "முழு ஆன்-ரோடு தொகையையும் கடனாகத் தருகிறோம், 7 வருடம் கட்டலாம், சேமிப்பில் கை வைக்க வேண்டாம்" என்கிறார்கள். ஒப்புக்கொள்ளலாமா?

பதில்: ஒப்புக்கொள்ளாதீர்கள். எந்த கார் என்பதற்கு முன்பு அந்தக் கடனைப் பிரித்துப் பார்த்துவிடுவோம். மூன்றில் எதை எடுத்தாலும் உங்கள் தலையெழுத்து பெரிதாக மாறாது. கடன் காலம் மாற்றிவிடும்.

ஷோரூம் விலை 6.5 லட்சம் என்றால் தமிழ்நாட்டில் ஆயுள்கால சாலை வரி 13 சதவீதம், அதாவது 84,500 ரூபாய். (2023 நவம்பரில் மாறிய விகிதம் இது: 5 லட்சம் வரை 12%, 5 முதல் 10 லட்சம் வரை 13%, அதற்கு மேல் 20 லட்சம் வரை 18%.) காப்பீடு, பதிவு, நம்பர் பிளேட், ஃபாஸ்டேக் எல்லாம் சேர்ந்தால் 7.75 லட்சத்தில் வந்து நிற்கும். இதை 9 சதவீத வட்டியில் 7 வருடத்துக்குப் போட்டால் தவணை 12,469 ரூபாய். வட்டி மட்டும் 2.72 லட்சம்.

அதைவிட மோசமான விஷயம் நடுவில் இருக்கிறது. மூன்று வருடம் ஒழுங்காகக் கட்டிய பிறகும் அசல் பாக்கி 5.01 லட்சம் இருக்கும். மூன்று வயது முடிந்த காருக்குக் காப்பீட்டு நிறுவனம் போடும் ஐ.டி.வி. மதிப்பு (க்ளெய்மில் அதிகபட்சம் கிடைக்கும் தொகை) வழக்கமான தேய்மான அட்டவணைப்படி ஷோரூம் விலையில் 40 சதவீதம் கழித்து 3.9 லட்சம்தான். அந்த நேரத்தில் கார் திருடு போனாலோ, மொத்தமாக நொறுங்கினாலோ, வருகிற பணத்தை அப்படியே வங்கியில் கட்டிவிட்டு, இல்லாத காருக்கு இன்னும் 1.1 லட்சம் கையிலிருந்து கட்ட வேண்டும். வேலை மாறி வெளியூர் போகிறீர்கள், விற்றுவிடலாம் என்றாலும் இதே கதைதான். சேமிப்பில் கை வைக்க வேண்டாம் என்று சொன்னவர் இந்தப் பக்கத்தைக் காட்டியிருக்க மாட்டார்.

இனி உங்கள் மாதக் கணக்கு. எல்லாச் செலவும் போக மிஞ்சுவது 18,500. மாதம் 750 கி.மீ. ஓட, லிட்டருக்கு 17 கி.மீ. என்றால் 44 லிட்டர். லிட்டர் 101 ரூபாய் என்று வைத்தால் ஏறக்குறைய 4,450. (ஸ்விஃப்ட் விளம்பரத்தில் சொல்லும் 24.8-ஐ மறந்துவிடுங்கள். காந்திபுரம் சிக்னலிலும் ஏ.சி. போட்டும் அது வராது.) இரண்டாம் வருடத்திலிருந்து காப்பீடு 13,000, சர்வீஸ் 7,000, டயருக்கும் பேட்டரிக்கும் ஒதுக்குவது 6,000 என்று வருடத்துக்கு 26,000. டோல், வாட்டர் வாஷ், பார்க்கிங் சேர்த்தால் இந்த வகையில் மாதம் 3,000. ஆக ஷோரூம் சொன்ன திட்டத்தில் மாதம் 20,000 ரூபாய் காருக்கே போகும். இப்போதே 1,500 ரூபாய் துண்டு விழுகிறது. அந்தத் துண்டை எஸ்.ஐ.பி.யை நிறுத்தி அடைப்பார்கள், பிறகு கிரெடிட் கார்டில் அடைப்பார்கள். வழக்கமாக நடப்பது இதுதான்.

என் யோசனை: வாங்குவதை எட்டு மாதம் தள்ளிப் போடுங்கள். இந்த மாதத்திலிருந்தே 18,500 ரூபாயைக் காருக்குக் கட்டுவதாக நினைத்துத் தனி ரெக்கரிங் டெபாசிட்டில் போடுங்கள். இந்தச் சுமை உங்களுக்குத் தாங்குமா என்பது மூன்றாவது மாதமே தெரிந்துவிடும். தீபாவளிச் செலவு, நண்பர் கல்யாணம் என்று இரண்டு முறை உடைத்தால், கடன் வாங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதும் தெரியும். ஒழுங்காகப் போட்டால் 1.48 லட்சம் சேரும். பழைய 3 லட்சத்துடன் 4.48. அதில் 1.3 லட்சத்தை அவசரத்துக்கு ஒதுக்கிவிட்டு மீதியை முன்பணமாகப் போடுங்கள். காரின் ஷோரூம் விலையை 6 லட்சத்துக்குள் நிறுத்துங்கள், ஆன்-ரோடு 7.15 லட்சம் வரும். கடன் 4 லட்சம், 4 வருடம், 9 சதவீதம்: தவணை 9,954, மொத்த வட்டி 78,000-க்குள். பெட்ரோலும் பராமரிப்பும் சேர்த்து மாதம் 17,400. சம்பள உயர்வு வராவிட்டாலும் தாங்கும்.

கல்விக் கடனையும் ஒருமுறை பாருங்கள். அதன் வட்டி 10-11 சதவீதமாக இருந்து, நீங்கள் புதிய வருமான வரி முறையில் இருந்தால், அந்த வட்டிக்கு வரிக் கழிவு கிடையாது. பாக்கி ஒரு லட்சத்துக்குள் இருந்தால் முதலில் அதை முடித்துவிட்டுக் காருக்கு வாருங்கள். ஒரு தவணை ஒழிந்தால் கார் கடனும் எளிதாகக் கிடைக்கும்.

சி.என்.ஜி. உங்களுக்கு வேண்டாம். அதே வகையில் பெட்ரோலைவிட ஏறக்குறைய 90,000 கூடுதல், அதற்கும் 13% சாலை வரி, ஆக ஒரு லட்சத்துக்கு மேல். பெட்ரோலில் கி.மீ.க்கு 5.94 ரூபாய், சி.என்.ஜி. கிலோ 90 ரூபாய், கிலோவுக்கு 25 கி.மீ. என்றால் 3.60. வருடம் 9,000 கி.மீ.க்கு 21,000 மிச்சம். போட்ட பணம் திரும்ப ஐந்து வருடத்துக்குச் சற்றுக் குறைவாகும். இடையில் மூன்று வருடத்துக்கு ஒருமுறை சிலிண்டருக்கு ஹைட்ரோ டெஸ்ட் (அழுத்தம் தாங்குமா என்ற சோதனை), பங்கில் வரிசை. ஸ்விஃப்ட்டில் சிலிண்டர் டிக்கியைப் பிடித்துக்கொள்ளும். ஊரிலிருந்து அரிசி மூட்டையும் தேங்காயும் ஏற்றிவருபவருக்கு அது சரிவராது. டியாகோவிலும் நியோஸிலும் இரட்டைச் சிலிண்டர் வைத்து இடத்தைக் காப்பாற்றியிருக்கிறார்கள் என்பது உண்மை. ஆனாலும் வருடம் 15,000 கி.மீ. ஓடுபவருக்குத்தான் கணக்கு சரியாக வரும். அவருக்கு மூன்று வருடத்தில் முதல் திரும்பிவிடும்.

இப்போது மூன்று கார்கள். 2025 செப்டம்பர் 22 முதல் சிறிய கார்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதமான பிறகு அறிவித்த தொடக்க விலை: டியாகோ 4.57 லட்சம், நியோஸ் 5.47, ஸ்விஃப்ட் 5.79. தொடக்க விலையை மட்டும் பார்த்தால் டியாகோதான் மலிவு. ஆனால் ஸ்விஃப்ட்டிலும் நியோஸிலும் அடிப்படை வகையிலேயே ஆறு ஏர்பேக் வருகிறது, டியாகோவில் இரண்டு. டியாகோ 2020-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் நான்கு நட்சத்திரம் வாங்கியதை விற்பனையாளர் சொல்வார். அது பழைய விதிமுறை. 2022 ஜூலையில் அந்த அமைப்பு சோதனையைக் கடுமையாக்கிவிட்டது, பக்கவாட்டு மோதலும் சேர்ந்தது. அந்த நட்சத்திரங்களை இன்றைய கார்களோடு வைத்து ஒப்பிடக் கூடாது.

நியோஸ் நான்கு சிலிண்டர் இன்ஜின்; மற்ற இரண்டும் மூன்று. சிக்னலில் நிற்கும்போது ஸ்டீயரிங்கில் அதிர்வு தெரிகிறதா என்று ஓட்டிப் பார்த்தால் வித்தியாசம் புரியும். ஸ்விஃப்ட் லிட்டருக்கு இரண்டு கி.மீ. கூடுதலாகத் தரும் என்றே வைத்துக்கொள்வோம். 17-க்குப் பதில் 19 என்றால் உங்கள் ஓட்டத்துக்கு வருடம் 56 லிட்டர், மாதம் 470 ரூபாய் மிச்சம். மைலேஜுக்காக மண்டையை உடைத்துக்கொள்ள இதில் ஒன்றுமில்லை. மறுவிற்பனையிலும், சிறு ஊரில்கூட மெக்கானிக்கும் பாகமும் கிடைப்பதிலும் ஸ்விஃப்ட் முன்னால் நிற்கிறது. நியோஸின் மேல்வகைகளில் வரும் 175/60 ஆர்15 டயர் அவ்வளவு புழக்கத்தில் இல்லாத அளவு. மாற்றும்போது கம்பெனி, விலை இரண்டிலும் தேர்வு குறையும். ஸ்விஃப்ட்டின் கீழ்வகைகளில் வரும் 165/80 ஆர்14 அந்தத் தொல்லை தராது.

ஆகவே 6 லட்சத்துக்குள் என் தேர்வு ஸ்விஃப்ட் எல்.எக்ஸ்.ஐ. மேனுவல். கார் சறுக்காமல் பிடித்து நிறுத்தும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலும் அதில் உண்டு. தொடுதிரை இல்லை, 15,000 ரூபாய்க்குள் வெளியே போட்டுக்கொள்ளலாம், ஆனால் வயரை வெட்டாமல் கப்ளர் (செருகும் இணைப்பு) வழியாகப் போடச் சொல்லுங்கள், வெட்டினால் மின் இணைப்புக்கு வாரண்டி கிடைப்பது சிக்கலாகும். ஒரே ஒரு நிபந்தனை: புக் செய்யும் முன் அப்பா அம்மாவைப் பின்சீட்டில் ஏற்றி இறக்கிப் பாருங்கள். ஸ்விஃப்ட்டின் பின்பக்கம் கொஞ்சம் இருட்டு, இடமும் குறைவு. முட்டி வலிக்கிறது என்று அம்மா சொன்னால் நியோஸுக்கு மாறிவிடுங்கள். தானாக மாறும் ஏ.எம்.டி. கியருக்கு அரை லட்சம் கேட்பார்கள். மாதம் இருபது நாளும் நகர நெரிசலில் ஓட்டுபவருக்கு அது தகும், உங்களுக்கு அவசியமில்லை.

"இன்னும் கொஞ்சம் போட்டால் பெரிய கார்" என்று நண்பர்கள் ஏற்றிவிடுவார்கள். 10 லட்சத்தைத் தாண்டியதும் சாலை வரி 13-லிருந்து 18 சதவீதமாகும், ஒரு சதவீத டி.சி.எஸ்.ஸும் (விற்பவர் வசூலித்து அரசுக்குக் கட்டும் வருமான வரி) சேரும். 9.99 லட்சக் காருக்கு வரி 1.30 லட்சம், 10.01-க்கு 1.80 லட்சம்.

பழைய கார் வேண்டுமென்றால் ஒரு எச்சரிக்கை. ஜி.எஸ்.டி.யும் செஸ்ஸும் சேர்ந்து 29-லிருந்து 18 ஆனதில் புதுச் சிறிய பெட்ரோல் காரின் விலை 8.5 சதவீதம் வரை இறங்க வேண்டும். விற்பவரோ தான் அன்று கொடுத்த விலையிலிருந்து கழித்துச் சொல்வார். இன்றைய புது விலையிலிருந்து கழித்துக் கேளுங்கள். பழைய கார் கடனில் "7 சதவீதம்தான்" என்றால் ஃபிளாட் வட்டியா (கடைசி வரை முழு அசலுக்கும் வட்டி போடுவது) என்று கேளுங்கள். ஐந்து வருட ஃபிளாட் 7 சதவீதம், குறையும் நிலுவைக் கணக்கில் 12.5 சதவீதம். லட்சத்துக்குத் தவணை 2,250 என்று சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும்.

ஷோரூமில் விலைப்பட்டியலைப் பிரித்து எழுதி வாங்குங்கள். "ஹேண்ட்லிங்", "லாஜிஸ்டிக்ஸ்" என்று ஒரு கட்டணம் இருந்தால் நீக்கச் சொல்லுங்கள். சாலை வரியிலும் பதிவிலும் அது சேராது. அடிப்பூச்சு, டெஃப்லான், மேட், பாடி கவர் என்று 20,000 ரூபாய் கிட் தலையில் கட்டப் பார்ப்பார்கள். மேட்டும் மட் ஃப்ளாப்பும் போதும். காப்பீட்டை அவர்களிடமே எடுக்க வேண்டிய கட்டாயமில்லை. 1,000 முதல் 1,500 சி.சி. வரை புதுக் காருக்கு மூன்று வருட மூன்றாம் நபர் காப்பீடு 10,640, ஜி.எஸ்.டி. சேர்த்து 12,555, 2022 ஜூனில் அரசு நிர்ணயித்த கட்டணம், எந்த நிறுவனத்திலும் ஒன்றே. பேரம் பேச முடிவது சொந்தச் சேதப் பகுதியிலும் ஆட்-ஆனிலும்தான். ஜீரோ டெப்ரிசியேஷன் கட்டாயம் எடுங்கள். அது இல்லாவிட்டால் பம்பர் போன்ற பிளாஸ்டிக் பாகங்களுக்குப் பாதி விலையை நீங்கள்தான் கொடுக்க வேண்டும், புது ஓட்டுநர் முதலில் உடைப்பதும் பம்பரைத்தான். கடன் இருக்கும் முதல் மூன்று வருடம் ரிட்டர்ன் டு இன்வாய்ஸும் (கார் திருடு போனாலோ, மொத்தமாக நொறுங்கினாலோ வாங்கிய விலையைத் தரும் ஆட்-ஆன்) இருக்கட்டும். 15 லட்சத்துக்குத் தனிநபர் விபத்துக் காப்பீடு ஏற்கெனவே இருந்தால் எழுதிக் கொடுத்து அந்தத் தொகையைப் பட்டியலிலிருந்து நீக்கலாம். 3,000 ரூபாய் கீறலுக்கு க்ளெய்ம் போடாதீர்கள். 20-லிருந்து 50 சதவீதம் வரை ஏறும் நோ க்ளெய்ம் போனஸ் (க்ளெய்ம் போடாத வருடங்களுக்குக் கிடைக்கும் பிரீமியத் தள்ளுபடி) பூஜ்ஜியத்துக்கு இறங்கிவிடும்.

கடனில் நிலையான வட்டியா, ஃப்ளோட்டிங்கா (மாறும் வட்டி) என்று பாருங்கள். தனிநபரின் ஃப்ளோட்டிங் கடனை முன்கூட்டியே முடித்தால் வங்கி அபராதம் வாங்கக் கூடாது. நிலையான வட்டிக்கு வாங்கும் வழக்கம் உண்டு, விகிதத்தை ஒப்பந்தத்தில் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். டெலிவரிக்கு முன் படிவம் 22-ல் (தயாரிப்பாளர் தரும் தகுதிச் சான்று) தயாரிப்பு மாதத்தைப் பாருங்கள். ஜனவரியில் டெலிவரி எடுத்து, கார் போன வருட ஜூன் தயாரிப்பாக இருந்தால், விற்கும்போது ஒரு வயது கூட்டித்தான் பேசுவார்கள். அதற்கான தள்ளுபடியை இப்போதே கேளுங்கள். கடன் முடிந்ததும் வங்கியிலிருந்து என்.ஓ.சி.யும் (கடன் பாக்கியில்லை என்ற சான்று) படிவம் 35-ம் வாங்கி ஆர்.டி.ஓ.வில் கொடுத்து, ஆர்.சி.யிலிருந்து வங்கியின் பெயரை நீக்கிவிடுங்கள். வங்கியின் என்.ஓ.சி.க்கு ஒரு செல்லுபடி நாள் போட்டிருப்பார்கள், அதற்குள் முடித்துவிடுங்கள்.