அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்தில், தொடர்ந்து தோற்கும் தலைமைப் பயிற்சியாளரை உடனே நீக்கத் தயங்குவது ஏன்?

இங்கே கால்பந்து என்பது முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்க ஆட்டம். ஒப்பந்தக் காலம் முடியும் முன்பே, தோல்விகளுக்காக மட்டும் பயிற்சியாளரை நீக்கினால், மீதமுள்ள ஆண்டுகளின் சம்பளத்தில் பெரும்பகுதியையோ முழுவதையுமோ பல்கலைக்கழகம் அவருக்குக் கொடுத்தாக வேண்டும்; இதையே ‘பைஅவுட்’ என்கிறார்கள்.

2023 நவம்பரில் டெக்சாஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் ஜிம்போ ஃபிஷரை நீக்கியபோது இந்தத் தொகை 7.5 கோடி டாலரைத் தாண்டியது. பாதி கட்டிய வீட்டில் மேஸ்திரியை மாற்றுவதைப் போன்றது இது: பழையவருக்குப் பேசிய கூலியையும் கொடுக்க வேண்டும், புதியவருக்கு முன்பணமும் தர வேண்டும், எழுந்து நிற்கும் சுவரையே அவர் இடிக்கச் சொல்லவும் கூடும். பயிற்சியாளரை நம்பிச் சேர்ந்த மாணவ வீரர்கள் வேறு கல்லூரிக்கு மாறிவிடுவதும் உண்டு. பணத்தைவிட இந்த இழப்பே பெரிது என்பது என் கருத்து.

பொறுமை பலன் தந்ததற்கு வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகம் நல்ல சான்று. 1987-இல் பொறுப்பேற்ற ஃபிராங்க் பீமரின் அணி, 1992-இல் பதினொரு ஆட்டங்களில் இரண்டை மட்டுமே வென்றது. ஆனாலும் அவரை நீக்காமல், உதவிப் பயிற்சியாளர்கள் சிலரை மாற்றினார்கள். அடுத்த ஆண்டே ஒன்பது வெற்றிகள் கிடைத்தன, 1999-ஆம் ஆண்டுப் பருவத்தில் அணி தேசிய வாகையர் பட்டத்துக்கான ஆட்டம் வரை சென்றது. எனவே தோல்விகளின் எண்ணிக்கையைவிட, இளம் வீரர்கள் ஆண்டுக்காண்டு தேறுகிறார்களா என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

பைஅவுட் தொகை முழுவதும் ஒரே நாளில் கைமாறுவதாகப் பலர் எண்ணுகிறார்கள்; ஆனால் ஃபிஷருக்கு முதலில் ஒரு பகுதியும், மீதி 2031 வரை ஆண்டுத் தவணைகளாகவும் என்றே ஒப்பந்தம் இருந்தது.