ஈஸ்டருக்கு ஸ்பிளாஷி ஃபென்னில் டென்ட் போட்டுத் தங்குபவர்கள் எதற்குத் தயாராகப் போக வேண்டும்?

டர்பனிலிருந்து நான்கு பேர்; அதில் பத்து வயதுப் பிள்ளை ஒன்று, மாமியாரும் உடன் வருகிறார். இதுவரை டென்டில் தங்கியதில்லை. எதை எடுத்துக்கொள்வது, எங்கே டென்ட் போடுவது, எங்கே நின்றால் பாட்டு நன்றாகக் கேட்கும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

ஸ்பிளாஷி ஃபென் 1990 முதல் ஈஸ்டர் விடுமுறையை ஒட்டி, தென்னாப்பிரிக்காவின் அண்டர்பெர்க் ஊருக்கு அருகே மலையடிவாரப் பண்ணையில் நடக்கும் இசைவிழா. யார் யார் பாடுகிறார்கள் என்று எல்லோரும் பார்த்துவிட்டுத்தான் கிளம்புகிறார்கள். ராத்திரி எப்படித் தூங்கப் போகிறோம் என்று யோசிப்பவர்கள் குறைவு. முதல் ராத்திரி நடுங்கிக்கொண்டே விழித்திருந்தவருக்கு, மறுநாள் மேடையில் யார் வந்து நின்றாலும் பாட்டு மனசில் ஏறாது. அதனால் குளிரிலிருந்தே தொடங்குகிறேன்.

அண்டர்பெர்க் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1500 மீட்டர் உயரம். ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குறையும். டர்பனில் ராத்திரி 18 டிகிரி என்றால் அங்கே சுமார் 9, மேகமில்லாத ராத்திரியில் அதற்கும் கீழே. பகலில் வெயில் சுடும், அரைக்கை சட்டையே போதும் என்று தோன்றும். மலைக்குப் பின்னால் சூரியன் இறங்கிய அரை மணியில் எல்லாம் மாறிவிடும். கம்பளித் தொப்பியும் காலுறையும் ஆளுக்கு இரண்டு ஜோடி வேண்டும். தூங்கும்போது போடும் காலுறையைப் பகலில் தொடவே கூடாது. வியர்வை ஊறிய துணியோடு படுத்தால் எத்தனை போர்வை போர்த்தினாலும் பாதம் சூடேறாது.

பெரும்பாலோர் ஸ்லீப்பிங் பேக்குக்குக் காசு கொட்டிவிட்டு, அடியில் விரிப்பதற்கு எதையோ கிடைத்ததை எடுத்து வருகிறார்கள். இது தலைகீழ் கணக்கு. உடல் எடையில் ஸ்லீப்பிங் பேக்கின் அடிப்பக்கம் நசுங்கிப்போகும். நசுங்கிய பஞ்சு சூட்டைப் பிடித்து வைக்காது. கீழே இருக்கும் ஈரமண் உடம்புச் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். காற்றடைத்த மெத்தை மட்டும் போட்டால் இன்னும் மோசம், உள்ளே இருக்கும் காற்று சுழன்று சூட்டைக் கீழே கொண்டுபோய்விடும். மெத்தையின் மேல் ஒரு சென்டிமீட்டர் ஃபோம் மேட் ஒன்றோ, மடித்த கம்பளியோ விரியுங்கள். மாமியாருக்கு மடக்குக் கட்டில் கொண்டுபோவது நல்லது, எழுந்து உட்காரச் சுலபம். ஆனால் அதன் மேலும் ஃபோம் வேண்டும், ஏனென்றால் அடியில் குளிர்காற்று ஓடும்.

டென்ட் போடும் இடம். ஆற்றங்கரை பார்க்க அழகு, முதலில் நிரம்புவதும் அதுதான். ராத்திரி குளிர்ந்த காற்று கனத்து, சரிவில் வழிந்து தாழ்வான இடத்தில் தேங்கும். பனியும் அங்கேதான் அதிகம் இறங்கும். ஆற்றிலிருந்து நாலைந்து மீட்டர் உயரம் ஏறினாலே வித்தியாசம் தெரியும். மலையில் பிற்பகல் இடிமழை எப்போது வேண்டுமானாலும் வரலாம், அதனால் பள்ளத்தில் போடவே வேண்டாம். புல் மட்டும் மற்ற இடத்தைவிடப் பச்சையாக, மெத்தென்று இருக்கிறதா? தண்ணீர் தேங்கும் இடம் அது.

டென்டைக் கட்டி நிறுத்தும் முளையை மண்ணில் அடிக்கும்போது அதன் தலை டென்டைவிட்டு விலகிச் சாய்ந்திருக்க வேண்டும், சுமார் 45 டிகிரி. டென்டோடு வரும் மெல்லிய கம்பி முளைகள் கல் பட்டால் வளைந்துவிடும். தடித்த இரும்பு முளை பத்தும் ஒரு சுத்தியலும் வாங்கிக்கொள்ளுங்கள். அடியில் தார்ப்பாய் விரிப்பவர்கள் அதன் ஓரத்தை வெளியே நீட்டி விடுவார்கள். மேல்விரிப்பிலிருந்து வழியும் மழை அந்த ஓரத்தில் விழுந்து, நேரே டென்டின் அடிக்குப் போகும். ஓரத்தை நாலு பக்கமும் உள்ளே மடித்துவிடுங்கள். காலையில் உள்சுவர் நனைந்திருந்தால் டென்ட் ஒழுகுகிறது என்று பயப்பட வேண்டாம், நான்கு பேர் விட்ட மூச்சுதான். எவ்வளவு குளிராக இருந்தாலும் மேலே உள்ள காற்றுத் திறப்பை மூடாதீர்கள்.

இதைவிட முக்கியமானது: பிராய் (வெளியில் கறி சுடும் அடுப்பு) கரியோ கேஸ் அடுப்போ டென்டுக்குள் வரவே கூடாது, ஒரு நிமிடம்கூட. அணைந்துபோனது போலத் தெரியும் கரி மணிக்கணக்கில் கார்பன் மோனாக்சைடு விடும். அதற்கு வாசனை கிடையாது, தூக்கத்தில் இருப்பவர் எழமாட்டார்.

இனி பாட்டு. மேடைக்கு முன்வரிசையில் நின்றால் பாடகரின் முகம் தெரியும், ஆனால் குரல் அமுங்கிக் கேட்கும். அங்கே டிரம்மும் கிடார் ஆம்ப்பும் மேடையிலிருந்து நேரே வந்து மோதும். குரல் வரும் பெரிய ஸ்பீக்கர்களோ இரு பக்கமும் உயரத்தில், உங்கள் தலைக்கு மேலாகப் பின்னால் இருப்பவர்களை நோக்கி இருக்கும். கூட்டத்துக்கு நடுவே மிக்ஸிங் டெஸ்க் இருக்கும் சின்னக் கூடாரத்தைத் தேடுங்கள். சவுண்ட் என்ஜினியர் தன் காதுக்குச் சரியாக இருக்கும்படிதான் எல்லாவற்றையும் கலக்கிறார், ஆகவே அவர் கேட்பதையே நீங்களும் கேட்கலாம். ஒரு நுணுக்கம்: இடது வலது சப்வூஃபர்களின் (தாழ்ந்த சுருதி ஒலி தரும் ஸ்பீக்கர்கள்) அலைகள் நடுக்கோட்டில் ஒன்றுசேர்ந்து, பேஸ் என்னும் அந்தத் தாழ்ந்த ஒலி அளவுக்கு மீறும். டெஸ்குக்கு முன்னால், நடுக்கோட்டிலிருந்து இரண்டு மூன்று மீட்டர் தள்ளி நிற்பது என் தேர்வு.

பிள்ளையை அழைத்துப் போவதால் காதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வேலையிடங்களுக்கு வகுத்த ஓர் அளவுகோல்படி 85 டெசிபலை 8 மணி நேரம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் அந்த நேரம் பாதியாகும். 100 டெசிபலில் அது 15 நிமிடம்தான். மேடையருகே 100 என்பது சாதாரணம். பத்து வயதுப் பிள்ளைக்கு ஹெட்ஃபோன் மாதிரியான காதுமூடி வாங்குங்கள், அது நழுவாது. பெரியவர்களுக்கு ஃபோம் இயர்பிளக் போதும், ஆனால் பாதிப் பேர் அதைக் காது வாசலில் ஒட்டவைத்துக்கொண்டு ‘வேலை செய்யவில்லை’ என்கிறார்கள். விரலில் மெல்லிய குச்சி போல உருட்டுங்கள். மறு கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காது மடலை மேலும் பின்னும் இழுங்கள். உள்ளே விட்டு, உப்பி நிறையும்வரை அரை நிமிடம் விரலால் பிடியுங்கள். உங்கள் சொந்தக் குரல் உள்ளுக்குள் முழங்கினால் சரியாகப் பொருந்தியிருக்கிறது. ஃபோம் உயர்ந்த சுருதிகளை அதிகம் வெட்டுவதால் பாட்டு மந்தமாகும். சீராகக் குறைக்கும் இசைக்கலைஞர் இயர்பிளக் விலை கூட, அடிக்கடி விழாவுக்குப் போகிறவர்களுக்கு அது தகும்.

தூங்கும்போதும் இயர்பிளக் வேண்டும். ராத்திரி தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து மேலே உள்ளது வெப்பமாக இருப்பதால், மேலே போக வேண்டிய சத்தம் வளைந்து கீழே இறங்கும். பகலில் லேசாகக் கேட்ட மேடை, நள்ளிரவில் டென்ட் வாசலில் இருப்பது போல ஒலிப்பது இதனால்தான்.

கிளம்பும் நாளும் சாப்பாடும்: பெரிய வெள்ளித் திருவிழாவுக்கு டர்பன் அருகே உள்ள இசிப்பிங்கோ ரெயில் மாரியம்மன் கோயிலுக்குப் போகும் குடும்பம் என்றால் சனிக்கிழமை காலை கிளம்பினாலும் ஒன்றும் கெட்டுவிடாது, கிடைக்கும் ஒரு ராத்திரியே நிறைவாக இருக்கும். விரதமோ இல்லையோ, பீன்ஸ் கறியை ஐஸ்கிரீம் டப்பாவில் கல்லாக உறையவைத்து கூல்பாக்ஸின் அடியில் வையுங்கள், அதுவே முதல் நாளுக்கு ஐஸ் ஆகும். இரண்டு லிட்டர் பாட்டில்களில் தண்ணீரை உறையவைத்தால் ஐஸ் துண்டுகளைவிட நீண்ட நேரம் தாங்கும், உருகினால் குடிக்கலாம். முதல் நாளுக்குப் புளிச்சோறும் ரொட்டியும் போதும். பிரியாணியைச் சூடாகவே மூடி நாள் முழுக்க காரில் வைப்பது வேண்டாம். வெதுவெதுப்பில் கிடக்கும் சோற்றில் கிருமி பெருகும், திரும்பச் சூடாக்கினாலும் அதன் நஞ்சு போகாது.

வழி: என்3 நெடுஞ்சாலையில் பீட்டர்மாரிட்ஸ்பர்க் தாண்டி, ஹோவிக் பக்கத்தில் ஆர்617 சாலைக்குத் திரும்பி, பாஸ்டன், புல்வர் வழியாக அண்டர்பெர்க். மூடுபனியும் ரோட்டில் மாடும் உண்டு, இருட்டுவதற்குள் போய்ச்சேருங்கள். அண்டர்பெர்க்கிலேயே பெட்ரோல் நிரப்பிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் போன் எடுக்காமல் போகலாம், ஒருவரையொருவர் தவறவிட்டால் எந்த இடத்தில் சந்திப்பது என்று முதலிலேயே பேசி வையுங்கள். பிள்ளையின் கையில் உங்கள் எண்ணை அழியாத மையில் எழுதுங்கள். சேற்றுக்குக் கம்பூட்ஸ் (ரப்பர் பூட்ஸ்) அவசியம்.

கிளம்பும்போது கார் சேற்றில் சிக்கினால் ஆக்ஸிலரேட்டரை மிதித்துக்கொண்டே இருக்காதீர்கள், சக்கரம் குழிதான் தோண்டும். காருக்குள் இருக்கும் கால்மிதிகளைச் சக்கரத்துக்கு முன்னால் செருகி, இரண்டாம் கியரில் மெல்ல நகர்த்துங்கள். வீட்டுக்கு வந்த அன்றே டென்டைப் பிரித்துக் கொடியில் போடுங்கள். டர்பன் புழுக்கத்தில் ஈரத்தோடு மடித்து வைத்தால் சில நாளிலேயே பூஞ்சை பிடித்து, மேல்விரிப்பின் பூச்சு உரியத் தொடங்கும்.