பழைய ஹோண்டா சிட்டிக்கு ஈடி 20 அலாய் வீல் பொருந்துமா?

2001ஆம் ஆண்டு ஹோண்டா சிட்டிக்கு 15 அங்குலம், 7 ஜே (அதாவது 7 அங்குல) அகலம், ஈடி 20 கொண்ட அலாய் வீல் போடலாமா, பிசிடி, அதாவது நட்டுத் துளைகளின் எண்ணிக்கையும் அவை அமைந்த வட்டத்தின் விட்டமும், 4x100 என்று ஒத்துப்போவதால் தாராளமாகப் பொருந்தும் என்று கடையில் சொல்கிறார்களே என்று கேட்டிருக்கிறீர்கள். அநேகமாக முன்பணமும் கொடுத்திருப்பீர்கள். கொடுத்திருந்தாலும் திரும்பக் கேட்டு வாங்கிவிடுங்கள். நான்கு நட்டும் ஏறிவிடும் என்பது உண்மைதான். தொல்லை அதற்குப் பிறகுதான் தொடங்கும்.

சக்கரம் மாட்டப்படும் ஹப்பில் போய் உட்காரும் ரிம்மின் முகத்துக்கும் ரிம்மின் நடுக்கோட்டுக்கும் இடையே எத்தனை மி.மீ. இருக்கிறது என்பதே ஈடி எண். அது குறையக் குறையச் சக்கரம் வெளியே தள்ளி நிற்கும். கம்பெனி ரிம் 13 அங்குலம், 5 ஜே, ஈடி 45. அதன் வெளிவிளிம்பு ஹப் முகத்திலிருந்து 18.5 மி.மீ. வெளியே நிற்கிறது, நீங்கள் பார்த்து வைத்திருக்கும் ரிம்மில் அது 68.9 மி.மீ. உள்விளிம்போ இரண்டிலும் ஏறத்தாழ ஒரே இடத்தில்தான் இருக்கிறது. ஆக, கூடுதலாக வரும் இரண்டு அங்குல அகலம் முழுவதும் மட்கார்டுப் பக்கமே போய்ச் சேருகிறது.

நான் வாங்கிய பழைய சிட்டி இதே அளவு சக்கரங்களோடுதான் வந்தது. அவற்றைக் கழற்றிவிடும் எண்ணத்தோடுதான் வாங்கினேன். டயர் 195/50 ஆர்15, விட்டம் 576 மி.மீ.; கம்பெனியின் 175/70 ஆர்13 டயருக்கு 575 மி.மீ. ஸ்பீடோமீட்டரில் பிசகு இல்லை, பிசிடியும் சரி, வெறும் காராக ஊருக்குள் ஓட்டினால் குறை சொல்ல ஒன்றும் தென்படாது. ஆனால் பின்பக்க மட்கார்டின் உள்மடிப்பைச் சுத்தியலால் தட்டி மடக்கியிருந்தார்கள். மடக்கிய இடத்தில் பெயின்ட் வெடித்து, நகத்தால் சுரண்டினாலே துரு பொடியாக உதிர்ந்தது. பின்சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் பெட்டிகளுமாக ஆழியாறிலிருந்து வால்பாறைக்கு ஏறியபோது, கொண்டை ஊசி வளைவுகளில் டயர் அந்த மடிப்பில் சர்ரென்று உரசியது. இருபது ஆண்டுகளைக் கடந்த காரில் ஸ்பிரிங் தணிந்திருக்கும், சஸ்பென்ஷன் மூட்டுகளின் ரப்பர் புஷ்கள் தளர்ந்திருக்கும். கார் புதிதாக இருந்தபோது மட்கார்டுக்கும் டயருக்கும் இருந்த இடைவெளி இன்று இருப்பதில்லை. புதுக் காரில் பொருந்தியதாக யாரோ போட்ட படத்தை நம்பிப் பழைய காருக்கு ஈடி தேர்ந்தெடுக்கக் கூடாது என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

உரசலை விடவும் ஸ்டியரிங் என்னை அதிகம் கவலைப்படுத்தியது. முன்சக்கரம் ஒன்று குழியில் இறங்கினால் கையிலிருந்து வெடுக்கென்று இழுத்தது. அலைன்மென்ட் பார்த்தால் எல்லாம் சரி என்று அறிக்கை வந்தது. நடுக்கோடு 25 மி.மீ. வெளியே போனதால், ஸ்டியரிங் திரும்பும் அச்சுக்கும் டயர் தரையில் படும் இடத்துக்கும் உள்ள விலகல் மாறிவிடுகிறது. பேரிங்கின் மீதும் நெம்பும் விசை கூடுகிறது. டாஷ்போர்டு பெட்டியில் கிடந்த பழைய பில்களில் முன் பேரிங் மாற்றிய செலவு மறுபடி மறுபடி வந்தது. சக்கரத்தைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. ஒவ்வொரு முறையும் பேரிங்கை மாற்றிப் பணம் வாங்கியவர்களில் ஒருவராவது ரிம்மின் பின்புறம் பொறித்திருந்த எண்ணைப் படித்திருக்கலாம். எனக்கு இன்றும் இதில் ஆற்றாமை உண்டு.

ஈடி 20 போட்டு ஆண்டுக்கணக்கில் ஓட்டுகிறோம், ஒன்றும் ஆகவில்லை என்று சிலர் இதற்குக் கீழே எழுதக்கூடும். தனியாக, நல்ல சாலையில் ஓட்டுபவருக்கு அப்படி அமையலாம். அவர்கள் பொய் சொல்வதாக நான் சொல்லவில்லை. அலாய் வீலே கூடாது என்பதும் என் வாதம் அன்று. என் காரில் இப்போது இருப்பதும் அலாய்தான்: 14 அங்குலம், 6 ஜே, ஈடி 38, டயர் 185/60 ஆர்14. கம்பெனி ரிம்மோடு ஒப்பிட்டால் வெளிவிளிம்பு 20 மி.மீ. அளவுக்கு வெளியேயும் உள்விளிம்பு 6 மி.மீ. அளவுக்கு உள்ளேயும் நகர்ந்திருக்கின்றன, நடுக்கோட்டின் நகர்வு 7 மி.மீ. மட்டுமே. அதே மலைப்பாதையில் அதே பாரத்தோடு உரசாமல் ஏறுகிறது, ஸ்டியரிங்கும் இழுப்பதில்லை.

வாங்கும் முன் கடையில் ஒரே ஒரு ரிம்மை டயரோடு மாட்டிப் பார்க்கக் கேளுங்கள். பின்சீட்டில் ஆட்களை உட்கார வைத்து, முன்னால் ஸ்டியரிங்கை இருபுறமும் கடைசி வரை ஒடித்து, மட்கார்டு மடிப்பிலும் உள்ளே ஷாக் அப்சார்பர் பக்கமும் விரல் நுழைகிறதா என்று பாருங்கள். இதற்கு மறுக்கும் கடையில் வாங்க வேண்டாம். மட்கார்டைத் தட்டிவிட்டால் போதும் என்று டிங்கரிங் கடையைக் கைகாட்டுகிறவரிடமும் வேண்டாம்.

பொருத்தும்போது இன்னும் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். சிட்டியின் ஹப் விட்டம் 56.1 மி.மீ.; வெளிச்சந்தை அலாய்களின் நடுத்துளை பெரும்பாலும் 73.1 மி.மீ. என்பதால் இடையில் ஹப் ரிங் போட்டால்தான் சக்கரம் மையத்தில் உட்காரும், இல்லையென்றால் வேகத்தில் ஸ்டியரிங் அதிர வாய்ப்புண்டு. ஹோண்டா நட்டின் அடிப்பகுதி உருண்டை வடிவம், வெளிச்சந்தை அலாய்களின் துளையோ பெரும்பாலும் 60 டிகிரிக் கூம்பு. எனவே பழைய நட்டையே போட விடாமல், 12x1.5 மரை அளவில் கூம்பு நட்டுகளைத் தனியாக வாங்கி, 108 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கச் சொல்லுங்கள். நூறு கிலோமீட்டர் போல ஓட்டிய பிறகு இன்னொரு முறை முறுக்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.