டாலஸ் வெயிலும் இலையுதிர்காலத் தோட்டமும்: கேள்வி பதில்

செப்டம்பர் பிறந்தாச்சு, டாலஸ்ல பகல் வெயில் இன்னும் 95-ஐ விட்டு இறங்கல (இங்க எல்லாமே ஃபாரன்ஹீட் கணக்கு). முதல் உறைபனி சராசரியா நவம்பர் மூணாவது வாரத்தை ஒட்டி வரும். அதுக்குள்ள என்னென்ன முடியும்னு சுத்துப்பட்டு ஊர்கள்ல இருந்து கேட்டவங்களுக்கு, தெரிஞ்சதைச் சொல்றேன்.

பிளேனோவிலிருந்து: அக்கா, தக்காளி ஆளுயரம் நிக்குது, பூ மட்டும் பூத்துப் பூத்துக் கொட்டுது. எப்சம் உப்பு போடவா?

வேண்டாம்மா. இது சத்துக் குறை இல்ல, ராத்திரிச் சூடு. பகல் 95-க்கு மேலயும் ராத்திரி 75-க்கு மேலயுமே இருந்தா மகரந்தம் கெட்டுப்போகும், பூ நிக்காது. ராத்திரி 70-க்கு இறங்கட்டும், அதே செடி காய் பிடிக்கும். செர்ரித் தக்காளிதான் முந்திக்கும். பாதிக்கு வெட்டிவிடுற வேலையெல்லாம் ஜூலைக் கடைசியில செய்யறது. இப்ப வெட்டினா திரும்பத் தழைஞ்சு காய்க்கிறதுக்குள்ள பனி வந்துடும். அடியில காய்ஞ்ச இலையை மட்டும் கழிச்சு விடுங்க.

ஃபிரிஸ்கோவிலிருந்து: மே மாசம் கொடி அவரை போட்டேன். பந்தல் பூரா இலை, ஒரு பூ கூட இல்ல. பிடுங்கிட்டு ப்ரோக்கோலி வைக்கலாமான்னு வீட்டுக்காரர் கேக்கறார்.

பிடுங்க விடாதீங்க! இந்தக் கேள்வி வருஷா வருஷம் வருது. நம்ம கொடி அவரை பகல் நீளத்தைப் பார்த்துப் பூக்கிற ஜாதி. ஊர்ல ஆடிப்பட்டத்துல விதைச்சா, பகல் குறைஞ்ச பிறகுதானே பூ வைக்கும்? டெக்சஸ்ல ஜூன் மாசம் பகல் 14 மணி நேரத்துக்கும் மேல. அத்தனை வெளிச்சத்துல அதுக்குப் பூக்கவே தோணாது, இலையாத்தான் தள்ளும். செப்டம்பர் 22-ஐ ஒட்டி பகலும் இரவும் சமமாகும். அப்புறம் கணுவுக்குக் கணு ஊதாப் பூங்கொத்து நீட்டும் பாருங்க.

இப்ப செய்ய வேண்டியது ரெண்டு. தழைச்சத்து உரத்தை நிறுத்துங்க. பந்தல் மேல விடிய விடிய எரியற விளக்கு இருந்தா அணைச்சிடுங்க, கொடிக்கு அதுவும் பகல்தான். அடுத்த வருஷம் செடி அவரை விதை தேடுங்க, அது பெரும்பாலும் பகல் நீளம் பார்க்காது. வடக்கே நியூஜெர்சி, மிச்சிகன் பக்கம் இருக்கிறவங்களுக்கு வேற வழியே இல்ல, கொடி அவரை பூக்கிற நேரத்துல அங்க பனி வந்துடும்.

இர்விங்கிலிருந்து: கொத்தமல்லியும் பாலக்கும் ரெண்டு தடவை விதைச்சும் முளைக்கல. விதை பழசா?

இருக்கலாம், ஆனா மண் சூட்டு மேலதான் எனக்குச் சந்தேகம். மண் 85-க்கு மேல இருந்தா பாலக் சரியா முளைக்காது. கொத்தமல்லி முளைச்சாலும் கீரையா வளராம பூவுக்கு ஓடிடும். ரெண்டையும் செப்டம்பர் கடைசி வாரம் போடுங்க. தனியாவை ரெண்டா உடையற மாதிரி லேசா உருட்டித் தேய்ச்சு, ஒரு ராத்திரி ஊறவைங்க. கை சும்மா இருக்காதுன்னா இப்ப வெந்தயக்கீரை தூவுங்க.

ஆலனிலிருந்து: கொல்லை மண் கை நுழையற அளவுக்கு வெடிச்சிருக்கு. கொத்தவே முடியல.

அது கரிசல் மண்ணுங்க, கோவில்பட்டிப் பக்கம் இருக்குமே, அதே குணம். காய்ஞ்சிருக்கும்போது கொத்தினா கட்டி, ஈரத்துல கொத்தினா சேறு. முதல்ல சாயங்காலம் மெதுவா தண்ணி விட்டு, ரெண்டு மூணு நாள் கழிச்சு, கையில பிடிச்சா உதிர்ற பதத்துல கிளறுங்க. மூணு அங்குலம் கம்போஸ்ட் கலந்து, மேல காய்ஞ்ச இலையோ வைக்கோலோ மூடுங்க. சாம்பல், சுண்ணாம்பு கிட்டயே போகாதீங்க, இந்த மண் ஏற்கெனவே காரத்தன்மை உள்ளது. சந்தேகம்னா டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகத்தோட அக்ரிலைஃப் வேளாண் விரிவாக்க மையத்துக்கு மண் அனுப்பினா, கட்டணம் வாங்கிக்கிட்டு சோதிச்சுச் சொல்லுவாங்க.

மெக்கினியிலிருந்து: கறிவேப்பிலைத் தொட்டியை எப்ப உள்ள எடுக்கணும்?

ராத்திரி 50-க்கு வந்ததும். ஆனா தயாரிப்பு இப்பவே. உரம் கடைசியா ஒரு தடவை இந்த மாசம், அதோட சரி. அக்டோபர்ல நிழலுக்கு நகர்த்திப் பழக்குங்க. இலை அடியைத் திருப்பிப் பார்த்து, தண்ணியைப் பீய்ச்சிக் கழுவாம வீட்டுக்குள்ள விடாதீங்க, செதில் பூச்சியும் சேர்ந்து குடியேறும். குளிர்ல இலை கொட்டினா பயந்துபோய்த் தண்ணி ஊத்த வேண்டாம், வேர் அழுகிடும்.

இன்னொண்ணு: எலுமிச்சை வகைகளை அழிக்கிற கிரீனிங் நோயைப் பரப்புற பூச்சி கறிவேப்பிலையில தங்கும். அதனால வேற மாநிலத்துல இருக்கிற தங்கச்சிக்குக் கன்னு கொண்டுபோற ஆசை இருந்தா, முதல்ல விதிமுறையைப் பாருங்க.

கேரல்டனிலிருந்து: அசுவினிப் பூச்சிக்கு வேப்பெண்ணெய் தெளிக்கலாமா?

இந்த வெயில்ல வேண்டாம், இலை கருகிடும். விடியக்காலைல தண்ணியைப் பீய்ச்சி அடிங்க.

ஃபிரிஸ்கோவிலிருந்து மறுபடி: அப்போ ப்ரோக்கோலி எப்பத்தான் வைக்கிறது?

நாத்து வாங்கி இந்த மாசமே வைக்கலாம். சாயங்காலம் நடுங்க, முதல் ரெண்டு வாரம் நிழல்வலை போடுங்க. வெள்ளைப் பட்டாம்பூச்சி சுத்த ஆரம்பிச்சா இலை அடியில பச்சைப் புழு இருக்கும். பிடி (Bt) மருந்தை, அதாவது புழுவைக் கொல்ற பாக்டீரியா மருந்தை, பொழுது சாஞ்சப்புறம் தெளிங்க, வெயில் பட்டா அதுக்கு வீரியம் போயிடும்.