பதிவேட்டில் இல்லாத பெயர்

கடல் கடந்து போனவர்கள், கொண்டுபோகப்பட்டவர்கள், அடிமைப்பட்டவர்கள் பற்றிய கதை, கவிதை குறித்துச் சில மாதங்களாகவே கடிதங்கள் வந்துகொண்டிருக்கின்றன. அவற்றில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என் கொள்ளுப்பாட்டி கண்டிச் சீமைக்குப் போய்த் தேயிலைத் தோட்டத்திலேயே இறந்தவர். அவரைப் பற்றி எங்களுக்குத் தெரிந்தது அவர் பெயரும், அவர் விட்டுச்சென்ற ஒற்றைத் தண்டட்டிக் காதணியும்தான். அவரைப் பற்றி ஒரு நீண்ட கவிதை எழுத ஆசை. எங்கே தொடங்குவது?
– ஒரு வாசகி, புதுக்கோட்டை

பதில்: தண்டட்டியில் தொடங்குங்கள் அம்மா. கடலில் தொடங்காதீர்கள். இந்தப் பொருளில் எனக்கு வரும் கவிதைகளில் பெரும்பாலானவை அலையில் தொடங்கி இரத்தத்தில் முடிகின்றன. தேநீரின் சிவப்பில் இரத்தம் தெரிகிறது என்ற வரியை இனி யாரும் எழுத வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். முதலில் எழுதியவருக்கு அது கண்ட காட்சியாக இருந்திருக்கும். நமக்கு அது கேட்ட வரி மட்டுமே. தண்டட்டி உங்கள் வீட்டில் இருக்கிறது. அது ஏன் ஒற்றை? இணை எங்கே போயிற்று? விற்றாரா, அடகில் மூழ்கிற்றா, மகளுக்குக் கொடுத்தாரா? அந்தக் கேள்வியிலேயே பாதிக் கவிதை இருக்கிறது.

என் பாட்டியைச் சொல்கிறேன். இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தோட்டமொன்றில், லயம் என்ற தொழிலாளர் குடியிருப்பு வரிசையில், ஒரு காம்பராவில் பிறந்தவர். 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் இலங்கையிலிருந்த இந்திய வம்சாவளியினரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்ப முடிவுசெய்ததே, அந்தக் கணக்கில் நாங்களும் அடக்கம். 1973இல் தலைமன்னாரில் கப்பலேறி ராமேசுவரத்தில் இறங்கினோம். அப்புறம் மண்டபம் முகாம், அங்கிருந்து நீலகிரி. பாட்டி அங்கும் கொழுந்துதான் பறித்தார்.

சிறுமியாக இருந்தபோது பாட்டிக்குப் பேன் பார்ப்பது என் வேலை. உச்சிக்குச் சற்று முன்னால், காதிலிருந்து காது வரை போகும் வாக்கில், ஒரு விரல் அகலத்துக்கு முடியே கிடையாது. தோல் காய்ப்பேறி வழவழவென்று இருக்கும். கூடைக் கயிறு நாற்பது வருடம் அழுந்திய இடம். சீப்பு அந்த இடத்துக்கு வந்ததும் வழுக்கும். "அதுதான் எங்க ரோட்டு" என்பார் பாட்டி. வேலையை விட்டபின்னும் அவர் விரல்கள் ஓயவில்லை. யாராவது கதை சொன்னால், கேட்டபடியே முந்தானையின் ஓரத்தை இரண்டு விரலால் கிள்ளிக்கொண்டிருப்பார். இரண்டு இலை, ஒரு மொட்டு.

அவர் பெயர் ஒரு காவல் தெய்வத்தின் பெயர். தோட்டத்துச் செக்ரோல் என்ற ஆள் பதிவேட்டில் ஆங்கிலத்தில் ஏறி, குடியுரிமைத் தாள்களில் நகலாகி, மண்டபத்தில் மறுபடி தமிழுக்குத் திரும்பியபோது நெடில் குறிலாகி, கடைசி எழுத்தும் தொலைந்து, பொருளே இல்லாத ஒரு சொல்லாகிவிட்டது. குடும்ப அட்டையில் சாகும்வரை அவர் அந்தச் சொல்தான். உண்மைப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. அது எங்கள் வீட்டுக்குள் இருக்கட்டும். ஆனால் நான் எழுதிய ஒவ்வொரு கவிதையும் அந்த நெடிலைத் திருப்பி வாங்குவதற்காக எழுதியதுதான்.

ஆகவே உங்கள் கொள்ளுப்பாட்டியின் பெயரைச் சத்தமாகச் சொல்லிப் பாருங்கள். ஊரில் அந்தப் பெயர் கொண்டவர்கள் இன்னும் இருக்கிறார்களா, எந்தக் கோயிலிலிருந்து வந்த பெயர் என்று விசாரியுங்கள். வீட்டுப் பெட்டியில் பழைய பாஸ்போர்ட், சீட்டு, பிறப்புப் பதிவு எதுவானாலும் எடுத்துப் பாருங்கள். தென்னாப்பிரிக்காவில் உறவுள்ள வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பல் 342 பேருடன் டர்பனில் சேர்ந்தது. அன்று தொடங்கி 1911 வரை நேட்டாலுக்குப் போன ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரின் கப்பல் பட்டியல்கள் இருக்கின்றன. எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, ஊர், தாலுகா, உடலில் உள்ள தழும்பு வரை குறித்திருப்பார்கள். தழும்பைப் படித்துவிட்டு மூடிவைக்காதீர்கள். அது எப்படி வந்தது என்று எழுதியவர் கேட்கவில்லை. நாம் கேட்கலாம்.

தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுத வேண்டாம். அவர் அழுதாரா என்று தெரியாவிட்டால், தெரியாது என்றே ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி நிற்கும்.

கேள்வி: மலையகத் தொழிலாளர்களையும் பிஜி, மொரீஷியஸ் போன கூலிகளையும் 'அடிமைகள்' என்றே கவிதையில் எழுதுகிறேன். நண்பர் ஒருவர் அது தவறு என்கிறார். அவர்கள் பட்டது அடிமைத்தனம் இல்லையா?
– வாசகர், திருச்சி

பதில்: உங்கள் நண்பர் பக்கம்தான் நான். நம்மவர் பட்ட துயரம் சிறியது என்பதற்காக அல்ல.

அட்லாண்டிக் கடலில் ஆப்பிரிக்காவிலிருந்து ஏற்றப்பட்டவர்கள் சுமார் 1 கோடியே 25 லட்சம் பேர் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். உயிரோடு கரையிறங்கியவர்கள் 1 கோடியே 7 லட்சம் அளவில்தான். இறங்கியவர்கள் சொத்து. அவர்கள் வயிற்றில் பிறப்பதும் சொத்து. தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்று வர்ஜீனியாவில் 1662இலேயே சட்டம் எழுதினார்கள். கூலியாகக் கப்பலேறியவருக்கு ஐந்து வருட ஒப்பந்தம் என்று ஒன்று இருந்தது. ஏமாற்றித்தான் பெருவிரல் ரேகை வாங்கினார்கள் என்றாலும், பேரப்பிள்ளை வரைக்கும் எழுதி வாங்கவில்லை. இலங்கைத் தோட்டங்களில் ஆளைக் கட்டிவைத்தது கடன். ஆள் சேர்த்துக் கொண்டுபோன கங்காணி கொடுத்த முன்பணம், வழிச்செலவு, அரிசி எல்லாம் தொழிலாளி தலையில் ஏறும். அந்தக் கடனை எழுதிய சீட்டுக்குத் 'துண்டு' என்று பெயர். இன்னொரு தோட்டத்துக்காரர் துண்டில் கண்ட தொகையைக் கட்டினால்தான் ஆள் இடம் மாறலாம். இதை 'அடிமை' என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டால் துண்டு மறைந்துபோகிறது, கங்காணி மறைந்துபோகிறார். அந்தக் கங்காணி நம் ஊர்க்காரர், பெரும்பாலும் தெரிந்த முகம். அவரை மறக்க நமக்கு உரிமை கிடையாது.

இரண்டும் அடுத்தடுத்த அறைகள். பிரிட்டிஷ் பேரரசின் பெரும்பகுதியில் 1834இல் அடிமை முறை ஒழிந்தபோது, 2 கோடி பவுண்டு இழப்பீடு உடைமையாளர்களுக்குப் போயிற்று. விடுதலை பெற்றவர்களுக்கு ஒரு காசும் இல்லை. கரும்புக்கு ஆள் வேண்டும் என்று கப்பல்கள் நம் துறைமுகங்களின் பக்கம் திரும்பின. பிரிட்டிஷ் கயானாவில் அடிமைகள் இருந்த அதே குடிசை வரிசைகளில் நம்மவர்களைக் குடிவைத்தார்கள். நான் இதை நினைக்காத நாள் இல்லை. சுவரில் யாரோ தலை சாய்த்த எண்ணெய்க் கறை இருந்திருக்கும். அடுப்புக் கல் கறுத்திருந்திருக்கும். புதிதாக வந்த பெண் அதே கல்லில் உலை வைத்திருப்பாள். 'நாங்களும் அடிமைகள்' என்று எழுதுவதைவிட அந்த அடுப்புக் கல்லை எழுதுங்கள்.

கேள்வி: பாரதி பிஜித் தீவின் கரும்புத் தோட்டத்துப் பெண்களைப் பாடிவிட்டாரே. இனி நாம் எழுத என்ன மிச்சம் இருக்கிறது?
– வாசகர், கோவில்பட்டி

பதில்: பாரதி பிஜிக்குப் போனதில்லை. அந்தப் பெண்களின் விம்மலைக் கேட்டிருப்பாயே என்று காற்றைத்தான் கேட்கிறார். போகாதவன் செய்யக்கூடிய மிக நேர்மையான காரியம் அது, அதனால்தான் அந்தப் பாட்டு இன்னும் நெஞ்சைப் பிடிக்கிறது. அங்கேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக் காற்றைக் கேட்க வேண்டியதில்லை. பாட்டியைக் கேட்கலாம். மிச்சம் இருப்பது அதுதான், அது நிறையவே இருக்கிறது.

கேள்வி: கறுப்பின அடிமைகளின் கதைகளையும் கவிதைகளையும் படிக்கச் சொல்லி அடிக்கடி எழுதுகிறீர்கள். நமக்கும் அவர்களுக்கும் என்ன தொடர்பு? நம் துயரத்தை எழுத அவர்களை ஏன் படிக்க வேண்டும்?
– கல்லூரி மாணவர், சேலம்

பதில்: தம்பி, ஒரு சிறுமியைச் சொல்கிறேன். 1761இல் பாஸ்டன் துறைமுகத்தில் விற்பனைக்கு வந்தாள். முன்பற்கள் விழுந்துகொண்டிருந்ததை வைத்து ஏழு வயதிருக்கும் என்று மதித்தார்கள். அவள் வந்த கப்பலின் பெயர் பிலிஸ். அவளுக்கும் அதையே பெயராக வைத்தார்கள். வாங்கிய குடும்பத்தின் பெயர் வீட்லி. 1773இல் லண்டனில் அவளுடைய கவிதை நூல் அச்சானது. ஓர் அடிமைப் பெண் இப்படி எழுத முடியுமா என்று உலகம் ஐயப்படும் என்பதால், இவைகளை எழுதியவள் இவளே என்று பாஸ்டன் பெரிய மனிதர்கள் கையெழுத்திட்ட சான்று அந்த நூலிலேயே சேர்ந்தது. பிறந்த மண்ணைப் பற்றி அவளுக்கு நினைவிருந்தது ஒன்றே ஒன்று என்று பின்னால் வந்த ஒரு வாழ்க்கைக் குறிப்பு சொல்கிறது. விடியும்போது அவள் தாய் சூரியனுக்கு முன்னால் தண்ணீர் ஊற்றுவாளாம். அதைப் படித்த அன்று நான் புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். பெயர் போயிற்று, மொழி போயிற்று, ஒரு கைச் சரிவும் விழும் நீரும் மட்டும் மிஞ்சின.

இன்னொன்று, எழுதும் முறைக்காக. 1781இல் 'சாங்' என்ற கப்பலிலிருந்து 130க்கும் மேற்பட்ட அடிமைகளைக் கடலில் வீசினார்கள். லிவர்பூல் முதலாளிகள் தலைக்கு 30 பவுண்டு காப்பீடு கேட்டு வழக்காடினார்கள். சரக்கு நஷ்டம் பற்றிய வழக்காகத்தான் அது நடந்தது, கொலை வழக்காக அல்ல. டொபேகோவில் பிறந்து கனடாவில் வாழும் கவிஞர் எம். நூர்பேஸ் பிலிப், அந்த வழக்கின் சிறிய சட்ட அறிக்கையில் உள்ள சொற்களையே உடைத்து, சிதறவிட்டு, 2008இல் ஒரு முழு நூல் எழுதினார். பக்கமெங்கும் எழுத்துகள் நீரில் மிதப்பதுபோல் கிடக்கும். ஆவணம் எழுதியவனின் சொற்களை வைத்தே ஆவணத்தில் இல்லாதவர்களை எழுப்பலாம் என்று அவரிடம்தான் கற்றேன். பாட்டியின் குடும்ப அட்டையை நான் கவிதையாக்கியது அதற்குப் பிறகுதான்.

கேள்வி: நாங்கள் காவிரிப் பாசனப் பகுதியில் நிலமுள்ள குடும்பம். தாத்தாவின் பழைய கணக்கு நோட்டு ஒன்று கிடைத்தது. நெல் கொடுத்த கணக்கில் சிலருக்குப் பெயர் இருக்கிறது. சில வரிகளில் 'ஆள்' என்று மட்டும் இருக்கிறது. இதை வைத்துச் சிறுகதை எழுதலாமா? எனக்கு அந்த உரிமை உண்டா?
– வாசகர், மன்னார்குடி

பதில்: வந்த கடிதங்களில் என்னைத் தூங்கவிடாதது உங்களுடையது. எழுதுங்கள். கடல் கடந்த அடிமைத்தனத்தைப் பற்றிக் கண்ணீரோடு பேசும் நாம், கரையிலேயே இருந்ததைப் பற்றிப் பேசத் தயங்குகிறோம்.

சுந்தரர் கதையை நினைத்துப் பாருங்கள். திருமணப் பந்தலில் கிழவர் ஒருவர் வந்து, உன் பாட்டன் எழுதிக்கொடுத்த ஆளோலை இது என்கிறார். தானும் தன் வழிவருவோரும் அடிமை என்று எழுதிய ஓலை. மணமகன் ஒப்புக்கொள்ளாதது எதற்கு? அந்தணர் இன்னோர் அந்தணருக்கு அடிமையாவதை இன்றுதான் கேள்விப்படுகிறோம் என்கிறார். மனிதனுக்கு மனிதன் அடிமை என்பது அவருக்கு வியப்பில்லை. வழக்கும் எழுத்து உண்மையா என்பதைப் பற்றித்தான் நடந்தது. சிறுவயதில் பக்தியோடு கேட்ட கதை. இந்த இடம் உறைத்தது ஐம்பது வயதுக்குப் பிறகு.

1843இல் கம்பெனி ஆட்சி அடிமை உடைமையை நீதிமன்றம் ஏற்காது என்று சட்டம் செய்தது. ஆனாலும் தஞ்சைப் பகுதிப் பண்ணையாட்களுக்குப் பாதுகாப்புச் சட்டம் வர 1952 ஆயிற்று. கண்டிக்கும் மலேயாவுக்கும் போனவர்களில் பலர் இந்தப் பண்ணைகளிலிருந்து தப்பித்தவர்களும்தான். என் பாட்டியின் முன்னோர் எந்தப் பண்ணையிலிருந்து புறப்பட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. உங்கள் தாத்தாவின் நோட்டு போன்ற ஏதோ ஒன்றில் அவர்களும் 'ஆள்' என்று ஒரு வரியாக இருந்திருக்கலாம்.

ஒரு வேண்டுகோள். கதையைத் தாத்தாவின் மனசாட்சி பற்றியதாக ஆக்கிவிடாதீர்கள். அவர் நல்லவரா கெட்டவரா என்று ஆராய்வதில் நாற்பது பக்கம் ஓடிவிடும், 'ஆள்' மறுபடியும் பின்கட்டில் நின்றுகொண்டிருப்பார். நோட்டில் பெயருள்ளவர்களின் பிள்ளைகள், பேரர்கள் அதே ஊரில் இருப்பார்கள். நோட்டின் நகலோடு அவர்கள் வீட்டுக்குப் போங்கள். அவர்களை உங்கள் வீட்டுக்கு வரச்சொல்ல வேண்டாம். அச்சுக்குக் கொடுக்கும் முன் கதையை அவர்களிடம் படித்துக் காட்டுங்கள். வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

ஒரு வரி எழுதுவதற்கு முன்னால், அந்த 'ஆள்' எல்லாம் யார் யார் என்று அங்குள்ள மிக மூத்தவரிடம் கேட்டு, நோட்டில் அந்தந்த வரிக்கு எதிரே பெயரை எழுதி வாருங்கள். ஊர்க்காரர்கள் கூப்பிட்ட பெயராகவே, நெடில் குறில் பிசகாமல்.