ஒர்வியேட்டோவின் குளிர்கால ஜாஸ் – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஒர்வியேட்டோ ஜாஸ் விழா பற்றி நீங்கள் எழுதியதை வாசித்தேன். நான் ஜாஸை ஒலிப்பதிவில் மட்டுமே கேட்டவன். இத்தாலிக்கு ஒரே ஒருமுறை போகத்தான் வசதிப்படும். ஜூலையில் பெருஜியாவில் நடக்கும் பெரிய விழாவை விட்டுவிட்டு, டிசம்பர் குளிரில் ஒரு சிற்றூருக்கு ஏன் போகவேண்டும்? புத்தாண்டன்று பேராலயத்தில் காஸ்பெல் என்னும் கிறிஸ்தவப் பக்திப் பாட்டுகளைப் பாடுகிறார்களாமே, அது சுற்றுலாப் பயணிகளுக்கான காட்சிதானே?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

ஒர்வியேட்டோவுக்கே போங்கள். தயக்கமே வேண்டாம்.

இரண்டு ஊர்களும் இருப்பது உம்ப்ரியா மாநிலத்தில்; இரண்டு விழாக்களையும் நடத்துவது உம்ப்ரியா ஜாஸ் என்ற ஒரே விழா அமைப்புதான். 1973ல் கார்லோ பன்யோட்டா தொடங்கியபோது அது ஊர் ஊராகப் போய், சதுக்கங்களில் இலவசமாக நடந்தது. கூட்டம் சமாளிக்க முடியாமல் போய், 1978க்குப் பிறகு சில ஆண்டுகள் விழாவே நின்றுவிட்டது. 1982ல் மீண்டும் வந்தது. இன்று பெருஜியாவின் முக்கிய மேடை இருப்பது ஒரு விளையாட்டரங்கில். பெரிய பெயர்கள் வருவார்கள், ராக், பாப் எல்லாம் உண்டு. நல்ல விழாதான். ஆனால் பின்வரிசையில் இடம் கிடைத்தால் வாசிப்பவரின் விரல்களைப் பார்க்க வழியில்லை.

ஒர்வியேட்டோ விழா 1993ல் தொடங்கியது. டிசம்பரின் கடைசி நாட்களில் ஆரம்பித்து புத்தாண்டு வரை நடக்கும். அந்தக் குளிரில் திறந்தவெளி மேடை சரிப்படாது. அதனால் கச்சேரிகள் கட்டடங்களுக்குள் வந்துவிட்டன. 1866ல் திறந்த மான்சினெல்லி அரங்கம், எரிமலைக் கல்லில் கட்டிய கபித்தானோ தெல் போப்போலோ மாளிகை, இப்படிச் சில இடங்கள். என்னைக் கேட்டால் குளிர் ஜாஸுக்குச் செய்த பெரிய உபகாரம் இது. கிளப்புகளில், நெருக்கி உட்கார்ந்தவர்களுக்கு நடுவே வளர்ந்த இசைக்குத் தன் அளவு திரும்பக் கிடைத்திருக்கிறது.

பாலட் எனப்படும் மெதுவான பாட்டு ஒன்றை வாசிக்கும்போது கவனியுங்கள். டிரம்ஸ்காரர் கம்பி பிரஷ்ஷை ஸ்னேர் என்ற சிறிய டிரம்மின் தோல் மேல் வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருப்பார். அந்தச் சரசரப்புக்கு அடியில், டபுள் பாஸ் என்ற ஆளுயரத் தந்தி வாத்தியத்தை வாசிப்பவரின் விரல் தந்தியில் வழுக்கி இறங்கும் உரசலும் கேட்கும். பியானோ நிறுத்தியபின் பெடலை விடும் சத்தம்கூட வரும். பெரிய மைதானத்தில் இதெல்லாம் காற்றோடு போய்விடும்.

இன்னொன்று. இங்கே பல கலைஞர்கள் விழா முழுக்க ஊரிலேயே தங்கி, நாளுக்கொரு தடவையாவது வாசிக்கிறார்கள். ஒரே குழுவை இரண்டு மூன்று நாள் கேளுங்கள். நேற்றைய அதே பாட்டு இன்று வேறு வழியில் போகும். ஜாஸ் என்றால் என்ன என்பதை இதைவிட நன்றாக யாரும் விளக்க முடியாது. ஒலிப்பதிவில் உங்களுக்குக் கிடைக்காததும் இதுதான்.

வெளியே ஒன்றுமே இல்லை என்று நினைத்துவிட வேண்டாம். டஸ்கனியின் விக்கியோ ஊரைச் சேர்ந்த ஃபங்க் ஆஃப் குழு சாக்ஸபோன், டிரம்பெட், உடலைச் சுற்றி மாட்டிக்கொள்ளும் பெரிய ஊதுகுழலான சூசாபோன் சகிதம் ஆடிக்கொண்டே தெருத்தெருவாக வரும். கூடவே நடங்கள், குளிர் தெரியாது.

சரி, பேராலயம். ஜனவரி 1 கத்தோலிக்கத் திருச்சபைக்கு உலக அமைதி நாள். அன்று நடப்பது திருப்பலி, அதற்குள் காஸ்பெல் குழு பாடுகிறது. காஸ்பெல் தேவாலயத்தில் பிறந்த இசை. அமெரிக்கக் கறுப்பின மக்கள் தங்கள் ஞாயிறு வழிபாட்டில் பாடியதை இங்கும் வழிபாட்டில்தான் பாடுகிறார்கள். சுற்றுலாப் பயணிகளும் வருவார்கள், அதனால் பாட்டு பொய்யாகிவிடாது. முடிந்தால் அதே ஆலயத்தின் சான் பிரிசியோ சிற்றாலயத்தை முன்னதாகவே பார்த்துவிடுங்கள். 1499 முதல் 1504 வரை லூக்கா சிஞ்ஞொரெல்லி தீட்டிய சுவரோவியங்களில், இறந்தவர்கள் வெளிறிய தரையைக் கையால் ஊன்றி மேலே ஏறி வருகிறார்கள். சிலர் இன்னும் எலும்புக்கூடுகள். உயிர்த்தெழுதலைப் பாடும் காஸ்பெல் பாட்டுக்கு இதைவிடப் பொருத்தமான சுவர் எனக்குத் தெரியாது.

அப்புறம், அறையைச் சீக்கிரமே பதிவுசெய்யுங்கள். ஊர் இருப்பது ஒரு பாறைக் குன்றின் மேல். கீழே ரயில் நிலையத்தருகே வேண்டாம், மேலே ஊருக்குள்ளேயே எடுங்கள். மேலே ஏற்றிவிடும் இழுவை ரயில் இரவு வெகுநேரம் ஓடுவதில்லை, கச்சேரிகளோ நள்ளிரவு தாண்டியும் நடக்கும்.

அன்புடன்.